ரேந்தை நூலும் வேதப் புத்தகமும்

காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கும் வலியசாலையிலும், கரமனையிலும், சாலைக் கடைவீதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நாகர்கோவில் அந்நிய ஊர் அல்ல. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவனந்தபுரமும் நாகர்கோவிலும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் தலையணை உறையின் ஓரத்திலும், குழந்தைச் சட்டையின் கழுத்திலும் வெள்ளை நூல் பின்னல் ஒன்று தைத்திருப்பார்கள். கடைகளில் 'லேஸ்' என்று கேட்டு வாங்கும் இதற்கு அந்தப் பக்கத்தில் 'ரேந்தை' என்று பெயர். போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல் அது.

இந்த ரேந்தைக்குப் பின்னால் ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். தாய் மார்த்தா மால்ட் அம்மையார். மகள் எலைசா. எலைசாவின் கணவரைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயர்தான் அவர். ஐயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோர் உண்டு. அவருடைய வீட்டை நடத்தி, ஏழு பிள்ளைகளைப் பெற்று, ஒரு பெண் பள்ளியையும் கட்டிக் காத்தவரைப் பற்றி இரண்டு வரி சொல்வோரைத் தேடத்தான் வேண்டும்.

அடுப்படிக்குள் நுழைந்த பள்ளி

தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டன்ட் சபையைத் தொடங்கியவர் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர். மயிலாடி வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806ல் வந்தார். கோயில்கள் கட்டினார், பள்ளிகள் வைத்தார். ஆனால் அவர் மணம் செய்து கொள்ளாதவர். அந்தக் காலத்தில் தனியாக வாழும் ஒரு வெள்ளைக்காரர் பெண்களிடம் உட்கார்ந்து பேசுவதற்கு வழி ஏது? 1816ல் அவர் ஊரை விட்டுப் போனார். பிறகு வந்த சார்லஸ் மீட், சார்லஸ் மால்ட் ஆகிய இருவரும் குடும்பஸ்தர்கள். 1819ல் மால்ட் தம்பதியர் நாகர்கோவில் வந்து சேர்ந்தனர். மீட், மால்ட் இருவருடைய மனைவியரும் வந்த பிறகுதான் வேதம் அடுப்படி வரை போயிற்று எனலாம்.

பெண் குழந்தைகளுக்கு ஒரு தங்கிப் படிக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்ணை அனுப்பி வைக்கப் பெற்றோருக்கு மனமில்லை. தம்பியைத் தூக்குவதற்கும், சுள்ளி பொறுக்குவதற்கும், கஞ்சி காய்ச்சுவதற்கும் வீட்டில் ஒரு கை வேண்டும். எழுத்துக் கற்றால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குச் சோறும் துணியும் கொடுத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1821ல் மார்த்தா அம்மையார் வேறொரு பதிலைக் கண்டுபிடித்தார். தம் நாட்டு ரேந்தைப் பின்னலைச் சிறுமிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

கெட்டியான தலையணை ஒன்றின்மேல் ஓட்டை குத்திய கோலத் தாளை விரிக்க வேண்டும். ஓட்டைகளில் ஊசிகளைச் செருக வேண்டும். நூல் சுற்றிய சிறு குச்சிகளைக் கை மாற்றி, ஊசிகளைச் சுற்றி முறுக்கியும் குறுக்கிட்டும் போட வேண்டும். இழை ஒன்று தப்பினால் பூ சிதைந்து போகும். நாள் முழுவதும் கண் வலிக்கப் பின்னினாலும் சில அங்குலமே வளரும். வாங்குபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள்.

ஊரில் எவருக்கும் தேவைப்படாத சரக்குத்தான். ஆயினும் அதற்குக் கிடைத்த காசு, பின்னிய பெண்ணின் காசு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855ல். அதற்கு முன்பே அடிமைக் குடும்பங்களில் பிறந்த மாணவிகள் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த பணத்தை எஜமானரிடம் கட்டித் தங்களை மீட்டுக் கொண்டனர். பதினாலு, பதினைந்து வயதுப் பெண் தன் விலையைத் தானே கொடுத்துவிட்டு வெளியே வந்தாள் என்றால், அவள் பிறகு பெற்ற குழந்தைகள் யாருக்கும் அடிமையல்ல. இதைவிடப் பெரிய சீதனம் எந்தத் தாய் கொடுத்தாள்?

இங்கே ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளிகளின் நோக்கம் பெண்ணைச் சுதந்திரமாக வாழச் செய்வது அல்ல. உபதேசியாருக்கும் ஆசிரியருக்கும் ஏற்ற மனைவியை உருவாக்குவதுதான். சுத்தம், அடக்கம், நேரம் தவறாமை, குடும்ப ஜெபம் என்ற இங்கிலாந்து வீட்டு ஒழுங்கையே வேத ஒழுங்காகவும் கற்பித்தார்கள். அந்த ஒழுங்கோடு, அவர்கள் எதிர்பாராத அளவுக்குத் துணிவும் சேர்ந்து வந்தது.

தோள்மேல் ஒரு துணி

அந்தத் துணிவைத் தோள்சீலை விவகாரத்தில் பார்க்கிறோம். நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடுவது அன்றைய வழக்கப்படி குற்றம். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று கர்னல் மன்றோவின் காலத்தில், 1814ல், அனுமதி கிடைத்தது. மிஷனரி வீட்டுப் பெண்கள் அந்தத் தளர்ந்த ரவிக்கையைத் தைக்கக் கற்றுக் கொடுத்தனர். குப்பாயத்தின்மேல் தோளில் ஒரு சீலையையும் போட்டுக் கொண்டு நாடார் பெண்கள் சந்தைக்குப் போனபோதுதான் கலகம் மூண்டது. 1820களில் தெருவில் துணிகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். 1829ல் வந்த அரசு அறிவிப்பு குப்பாயத்தை அனுமதித்தது. மேல் சீலையைத் தடுத்தது. 1858ல் மறுபடியும் கலகம். சென்னை கவர்னர் டிரவெல்யன் தலையிட்ட பிறகு, திவான் மாதவ ராவ் காலத்தில், 1859 ஜூலை 26ஆம் தேதி அறிவிப்பு வந்தது. எந்த மதத்து நாடார் பெண்ணும் மார்பை மறைத்துக் கொள்ளலாம் என்றது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வாலையும் அதில் ஒட்ட வைத்திருந்தார்கள்.

இது முழுக்க முழுக்க வேதத்துக்காக நடந்த போராட்டம் என்று சொல்லிவிட முடியாது. மானம், சாதி உயர்வு, விசுவாசம் எல்லாம் ஒரே சீலையில் முடிச்சிட்டுக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வருவதும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு சந்தைக்குப் போய் உப்பு வாங்கி வருவதும் அந்தப் பெண்களுக்கு விசுவாச அறிக்கையாக இருந்தன. பிரசங்கம் செய்த ஆண்களுக்கு அன்றாடம் இப்படி ஒரு சோதனை இல்லை.

இடையன்குடிக்கு வந்த மருமகள்

மார்த்தாவின் இளைய மகள் எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். தமிழ் அவருக்குப் படித்து வந்த மொழி அல்ல. சுற்றியிருந்த பெண்கள் பேசக் கேட்டு வந்த மொழி. 1844ல் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையில் தேரிக்காட்டு ஓரத்தில் உள்ள இடையன்குடிக்குப் போனார். தந்தையின் சபை வேறு, கணவரின் சபை வேறு. கால்டுவெல் லண்டன் மிஷனை விட்டு ஆங்கிலிக்கன் சபைக்கு மாறியிருந்தார். மனைவி புகுந்த வீட்டுச் சபைக்கு மாறினார். நம்மூர்ப் பெண்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

புகுந்த ஊரில் பிறந்த வீட்டுத் தொழிலையே தொடங்கினார். பெண்களுக்கு ஒரு தங்கும் பள்ளி. ஓய்ந்த நேரத்தில் ரேந்தை. பனையேறும் குடும்பங்களில் பெண்ணின் வேலை கொஞ்ச நஞ்சமல்ல. பதனீர் இறங்கும் மாதங்களில் கணவன் விடியலிலும் மாலையிலும் மரம் ஏறுவான். பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவதும், அதற்கு விறகு சேர்ப்பதும், அந்தப் புகையில் குழந்தைக்குப் பாலூட்டுவதும் மனைவியின் பாடு. அத்தகைய வீட்டிலிருந்து ஒரு மகளைப் பள்ளிக்கு விடச் சொல்வது, அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவுவது போலத்தான். வீட்டுப் பெண்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசத் தெரிந்த ஒருத்தியால்தான் அது முடிந்திருக்கும்.

கணவர் ஊர் ஊராகச் சுற்றினார். இரவில் இலக்கணம் எழுதினார். 1854ல் இங்கிலாந்து போய், 1856ல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அந்த ஆண்டுகளில்தான் மால்ட் தம்பதியரும் நாகர்கோவிலை விட்டுத் தாய்நாடு திரும்பினர். 1858ல் சார்லஸ் மால்ட் காலமானார். அக்கால மிஷனரித் தாய்மாருக்கு வேறொரு வேதனையும் இருந்தது. பிள்ளைகளைப் படிப்புக்காகச் சிறு வயதிலேயே கப்பலேற்றி அனுப்புவதும், மறுபடி பார்க்கும்போது அவர்கள் வளர்ந்த மனிதர்களாக நிற்பதும் சாதாரணம். ஊரார் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக் கற்பித்தவர்கள் சொந்தக் குழந்தைகளைக் கடிதத்தில் வளர்த்தார்கள்.

எலைசாவுக்கு இன்னொரு சங்கடமும் வந்தது. 1849ல் கால்டுவெல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி எழுதிய சிறு நூல், அந்தச் சமூகத்தாரின் மனத்தைப் புண்படுத்தியது. பிற்காலத்தில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. தன் பள்ளிக்குப் பெண்களை அனுப்பிய குடும்பங்களையே கணவரின் பேனா இழிவுபடுத்தியது என்ற நிலையில் ஒரு மனைவி என்ன செய்ய முடியும்? எலைசா பள்ளியை விடவில்லை. இடையன்குடியிலும் திருநெல்வேலிப் பகுதியிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பெண்களிடையே பணியாற்றினார்.

'நல்ல தாய்' எழுதியவர்

எலைசா இடையன்குடியில் இருந்த அதே காலத்தில், அதே திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், தாய்மையைப் பற்றித் தமிழிலேயே நூல் எழுதினார். அன்னா சத்தியநாதன் என்ற அந்த அம்மையார், 1830ல் குருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். கணவர் சத்தியநாதன் ஐயர் இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். 1863ல் இருவரும் சென்னை சென்றனர். அன்னா பெண் பள்ளிகள் தொடங்கினார். வெளியே வராத இந்துக் குடும்பப் பெண்களின் வீடு தேடிப் போய்க் கற்பித்தார். குழந்தை வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய நூலின் பெயர் 'நல்ல தாய்'. மிஷனரி மனைவியர் கற்பித்ததைக் கேட்டுக் கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு தமிழ்த் தாய் தானே கற்பிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்.

1878ல் அன்னா காலமானார். அவருடைய மகன் சாமுவேலை மணந்த கிருபாபாய், மராட்டியத்தில் பிறந்தவர். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். அவருடைய 'சகுணா' நாவலில் வரும் தாய் ராதா, நல்ல தாய்க்கு வேறொரு முகம் காட்டுகிறாள். கணவன் திடீரென்று கிறிஸ்தவனாகிவிட, பிறந்த வீட்டையும் தெய்வங்களையும் விட்டு அழுதுகொண்டே பின்தொடர்ந்த மனைவி அவள். விசுவாசம் அவளுக்கு அருளாக வரவில்லை, தாலியோடு வந்தது. பிறகே மெல்ல மெல்ல அவளுடையதாயிற்று. சபை வரலாறுகள் பேசாத இந்த உண்மையை எழுதிய கிருபாபாய், பெற்ற ஒரே குழந்தையைப் பறிகொடுத்து 1894ல் மறைந்தார்.

முப்பத்து மூன்று ஆண்டுக் கோயில்

இடையன்குடிக் கோயிலுக்கு 1847ல் அடித்தளம் போடப்பட்டது. கட்டி முடிய 1880 ஆயிற்று. திருமணமான மூன்றாம் ஆண்டில் தொடங்கிய கட்டடம் தலை நரைத்த பிறகுதான் எலைசாவுக்கு முழுதாகக் காணக் கிடைத்தது. இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து போயிற்று. 1877ல் கால்டுவெல் பிஷப் ஆனார். 1883ல் குடும்பம் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது. மகள் இசபெல்லாவும் ஒரு மிஷனரியையே மணந்தார். கால்டுவெல்லின் நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்ட வையட் ஐயர்தான் அந்த மருமகன்.

கால்டுவெல் 1891 ஆகஸ்டு 28ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். உடலை இடையன்குடிக்குக் கொண்டு வந்து கோயிலுக்குள் அடக்கம் செய்தனர். 1899ல் எலைசாவும் போனார். அவருக்கும் அதே கோயிலிலேயே இடம் கொடுத்தார்கள். 1968ல் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எழுந்தது. 2011ல் இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக்கியது. எலைசாவும் குடித்தனம் நடத்திய வீடு அது.