மொழிக்கு ஒரு கூடு

கோஹங்கா ரெயோ. மாவோரி மொழியில் இதற்குப் பொருள் ‘மொழிக் கூடு’. நியூசிலாந்தில், வெலிங்டனை அடுத்த வைனுயோமாட்டாவில் 1982-இல் தொடங்கிய மழலையர் பள்ளி இது. பள்ளியில் மாவோரி பேசினால் அடி விழுந்த காலம் ஒன்று இருந்தது. அடி வாங்கியவர்கள் தம் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவே தயங்கினார்கள். அதனால் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர மொழி தெரிந்த பாட்டி, தாத்தாக்களையே கூப்பிட்டார்கள்.

இலக்கணம் இல்லை, பாட்டுதான். ‘தஹி, ருவா, தோரு, ஃபா’ என்று ஒன்றிலிருந்து நான்குவரை எண்ணுவதற்குள் கைகள் தொடையைத் தட்டத் தொடங்கிவிடும். கயிற்றில் கட்டிய சிறு பந்துதான் ‘போய்’. அதைச் சுழற்றி உள்ளங்கையில் தட்டினால் அதுவே தாளம். எதிரெதிரே உட்கார்ந்து, பாட்டின் தாளம் பிசகாமல் குச்சிகளை வீசிப் பிடிப்பதும் உண்டு. குச்சி கீழே விழுந்தால் சிரிப்புதான்!

ஆடும்போது விரல்கள் நடுங்குமே, அதற்குப் பெயர் ‘விரி’. நம்முடைய ‘விரி’க்கும் இதற்கும் உறவில்லை; ஒலி மட்டும் ஒன்றுபோல. கோடை வெயிலில் தரைமேல் அலையும் கானல், சூரியனின் மகன் தானே-ரோரே ஆடும் ஆட்டமாம். அதைத்தான் அந்தப் பிஞ்சு விரல்கள் ஆடிக் காட்டுகின்றன.

1987-இல் மாவோரி அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. அதற்குள் ஹவாய்த் தீவுகளும் இந்த மொழிக் கூட்டைப் பார்த்து, 1984-இல் தங்கள் மொழிக்கு ஒரு கூடு கட்டிவிட்டன. அதன் பெயர் பூனானா லேயோ. பூனானா என்றாலும் கூடுதான்.