வெள்ளீயம் தரும் எச்சரிக்கை

‘கேஸ் கசிந்தால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடுமே, அப்புறம் டிடெக்டர் எதற்கு? வாங்கினால் அடுப்புக்கு மேலே மாட்டலாமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சுருக்கமான பதில்: நாற்றம் மட்டும் போதாது, அடுப்புக்கு மேலே மாட்டவே கூடாது.

சிலிண்டரில் வரும் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வாடை கிடையாது. எத்தில் மெர்காப்டனைத் துளி சேர்ப்பதால்தான் அந்தக் குமட்டல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாற்றத்தை உணர ஒருவர் விழித்திருக்க வேண்டும். சளி பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது எட்டாமல் போகலாம். கசிவுக்கு நடுவிலேயே நின்றால் சில நிமிடங்களில் மூக்கு பழகிப்போய்விடும்.

அடுத்தது இடம். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் படியும். காற்றில் சுமார் 1.8 சதவீதம் கலந்தாலே தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். பத்தடிக்கு எட்டடி சமையலறையைக் கணக்கிட்டுப் பாருங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் மட்டும் வாயு தேங்கினால், அந்த அடுக்கை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர 40 லிட்டர் வாயு போதும். எடையில் நூறு கிராமுக்கும் குறைவு. சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ! தரையில் அது நடக்கும்போது, ஆறடி உயரத்தில் மாட்டிய கருவி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். எனவே எல்பிஜிக்குத் தரையிலிருந்து ஓரடிக்குள் மாட்ட வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட இலேசானது. அதற்குக் கூரையை ஒட்டி மாட்ட வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறும் வீடுகள் கருவியையும் இடம் மாற்ற வேண்டும்; எந்த வாயுவுக்கு அளவு வைத்த கருவி என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். வீட்டுக் கருவிகள் பலவற்றில் இருப்பது, ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் ஒரு சிறு உருளை. மேலே கம்பி வலை. உள்ளே பீங்கான் குழல் ஒன்று. அதன் மேல் வெள்ளீய ஆக்சைடு பூச்சு, நடுவே சூடேற்றும் கம்பி. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் எந்த உலோகமோ, அதே வெள்ளீயத்தின் ஆக்சைடுதான் இது.

இந்தப் பூச்சு, நுண்ணிய துகள்கள் ஒட்டிய ஒரு படலம். ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் எலக்ட்ரான்கள் கட்டின்றித் திரியும். மின்சாரத்தைக் கடத்துபவை அவைதான். 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் துகளின் மேற்பரப்பில் வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு எலக்ட்ரானை வாங்கி வைத்துக்கொள்கிறது. இதை அடகுக் கடை என்று வைத்துக்கொள்ளலாம். எலக்ட்ரான் நகை, ஆக்சிஜன் கடைக்காரர். துகளின் விளிம்பெங்கும் கடைகள். இரண்டு துகள்கள் தொடும் எல்லையில் இருபுறத்து நகைகளும் பெட்டிக்குள் போய்விட்டதால் கொடுக்கல் வாங்கலே முடங்கிக் கிடக்கும். மின்தடை உச்சத்தில் இருக்கும். சுத்தமான காற்றில் கருவியின் நிலை இதுதான்.

இப்போது ஒரு புரொப்பேன் மூலக்கூறு வருகிறது. அது நகையை மீட்கவில்லை. கடைக்காரரையே கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுகிறது! அதன் மூன்று கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் பறந்துவிடுகின்றன. நகை, உரிய துகளின் கைக்கே திரும்புகிறது. முழுதாக எரிந்தால் ஒரு புரொப்பேனுக்குப் பத்துக் கடைகள் காலி, பத்து எலக்ட்ரான்கள் விடுதலை, பியூட்டேனுக்குப் பதின்மூன்று. துகள் எல்லையில் எலக்ட்ரான்களை மறிக்கும் தடுப்பு சற்றே தாழ்ந்தாலும் மின்னோட்டம் பல மடங்கு எகிறும். அந்த ஏற்றத்தைக் கண்டுகொள்ள எளிய சுற்று போதும், அலாரம் அலறும். கசிவு விலகியதும் காற்றிலிருந்து புதிய கடைக்காரர்கள் வந்து உட்கார, அடகு மறுபடி தொடங்கும்.

எரிந்துவிடுமோ என்று நாம் அஞ்சும் வாயுவை, சுடரே இல்லாமல் இம்மியளவு எரித்துப் பார்த்துத்தான் கருவி அதைக் கண்டுபிடிக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை.

வரலாறு சில வரிகளில். நிலக்கரிச் சுரங்கங்களுக்காக ஹம்ப்ரி டேவி 1815-இல் விளக்கின் சுடரைக் கம்பி வலையால் மூடினார். ஜப்பானில் புரொப்பேன் வீடுகளுக்குள் நுழைந்து விபத்துகள் பெருகிய காலத்தில், நவோயோஷி தகுச்சி 1962-இல் வெள்ளீய ஆக்சைடு உணரிக்குக் காப்புரிமை கோரினார். 1960களின் இறுதியில் அது சந்தைக்கு வந்தது. டேவியின் வலையும் இதில் தொடர்கிறது: உள்ளே உள்ள சூடு வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்காமல் காப்பது அந்தக் கம்பி வலைதான்.

இந்த வேதியியல் தெரிந்தால் விளம்பரங்களைச் சரியாக எடைபோடலாம். செயலி, வைஃபை, செயற்கை நுண்ணறிவு என்று எதைச் சேர்த்தாலும் வாயுவை உணர்வது அந்தப் பூச்சுதான். எல்பிஜி எது, வேறு எது என்று அதற்குத் தெரியாது. ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு போகும் எதுவும் அதை அலறவைக்கும்: சானிடைசர், சென்ட், பெயின்ட் தின்னர். அலாரம் ஒலிக்கும் வாயு அளவை மிகக் குறைவாக வைத்தால் அடிக்கடி வீண் அலறல். எரிச்சலில் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். சூடேறாவிட்டால் கடையே திறக்காது என்பதால், பேட்டரியோ இன்வர்ட்டரோ இல்லாத வீட்டில் கரன்ட் போனால் காவலும் போனது. பல நாள் அணைத்துவைத்த கருவி, மறுபடி நிதானத்துக்கு வரவே மணிக்கணக்கில் ஆகும். எண்ணெய்ப் பிசுக்கு வலையை அடைக்கும். சிலிக்கோன் ஆவி பூச்சையே மூடிக் கெடுக்கும். பல கருவிகளில் ‘டெஸ்ட்’ பொத்தான் ஒலியையும் சுற்றையும் மட்டுமே சோதிக்கும். பூச்சு உயிரோடு இருக்கிறதா என்பது வாயுவைக் காட்டினால்தான் தெரியும். அதனால் வாங்கும்போது ஆயுள் எத்தனை ஆண்டு, சோதனை வாயு காட்டிச் சரிபார்ப்பார்களா என்று கேளுங்கள்.

அலறினால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள்: விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், கருவியின் பிளக் உட்பட. போடுவதும் ஆபத்து, அணைப்பதும் ஆபத்து. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, அதன்பின் கேஸ் கசிவு அவசர உதவி எண்ணான 1906-ஐ அழையுங்கள்.

செலவுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. டிடெக்டர் கசிவைத் தடுக்காது. கசிந்த பிறகு சொல்லும். ஆகவே முதல் செலவு, ஐந்தாண்டு கெடு முடிந்த ட்யூபை மாற்றுவது. அடுத்து, சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் வாஷரைப் பார்த்து, சோப்பு நுரை தடவிச் சோதிப்பது; அதற்குச் செலவே இல்லை. அதற்கும் மேலே பணம் இருந்தால், செயலி இல்லாத, பேட்டரி உள்ள, ஆயுள் தேதி அச்சிட்ட ஒரு டிடெக்டரை வாங்கித் தரையோரம் மாட்டுங்கள்.