தட்டுக்கு முன்னால் சுடுங்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் தட்டைத் துப்பாக்கியால் சுடும் ஸ்கீட் போட்டியின் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். இந்தியாவின் அனந்த்ஜீத் சிங் நருகாவும் மகேஸ்வரி சௌஹானும் 43–44 என்று சீனாவிடம் தோற்றார்கள். ஒரே ஒரு தட்டில் பதக்கம் போனது.

அந்தத் தட்டு கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்த்தது. குறுக்களவு 11 செ.மீ., எடை 105 கிராம். அரைவட்ட மைதானத்தின் இடக்கோடியில் உயரமான கூண்டு, வலக்கோடியில் தாழ்வான கூண்டு. இரண்டிலிருந்தும் எந்திரம் தட்டுகளை வீசும். எட்டு இடங்களில் மாறி மாறி நின்று, ஒரு சுற்றில் 25 தட்டுகளைச் சுட வேண்டும். ஒலிம்பிக் விதிப்படி, தட்டு வெளியே வரும்வரை துப்பாக்கியின் கட்டை இடுப்பருகிலேயே இருக்க வேண்டும். குரல் கொடுத்ததும் தட்டு வரலாம். மூன்று நொடி கழித்தும் வரலாம்.

ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயம், பொடிக் குண்டுகளாக ஏறத்தாழ 500. அவை 20 மீட்டர் தூரம் போவதற்குள் தட்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். தட்டையே குறிவைத்தால் குண்டுகள் பின்னால்தான் போகும். தட்டைத் தொடர்ந்து, முந்தி, குழலை நிறுத்தாமலே விசையை அழுத்த வேண்டும். சுட்ட பிறகும் குழல் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

அதற்கும் முன்னால் எந்தக் கண் வலுவானது என்று தெரிய வேண்டும். உங்கள் மொட்டைமாடியிலேயே பார்த்துவிடலாம். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் தொட்டி மறைகிறதோ, அதுவே வலுவான கண். கட்டை அந்தப் பக்கத் தோளில் அமர்வது நல்லது.

பறக்கும் தட்டைச் சுடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை அரச குடும்பத்தின் பிருத்விராஜ் தொண்டைமான், ஸ்கீட்டின் உடன்பிறப்பான ட்ராப் பிரிவில் பாரிஸில் களமிறங்கினார்.

இதற்கான ஷாட்கன் துப்பாக்கியை வைத்திருக்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதனால் துப்பாக்கி வாங்குவதை ஒத்திப்போடுங்கள். முதலில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, ஏர் ரைஃபிளில் பாதுகாப்பு ஒழுங்கைப் பழகுங்கள். பிறகு பயிற்சியாளரோடு ஷாட்கன் களத்துக்குப் போங்கள். காதடைப்பானும் கண்ணாடியும் இல்லாமல் களத்தில் கால் வைக்காதீர்கள்.