எட்டு போட்டால் போதுமா? பிள்ளைக்கு பைக் வாங்கித் தரும் முன்...

நம் வீடுகளில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் எழும் முதல் கோரிக்கை பைக். வாப்பா சவூதியிலோ துபாயிலோ இருப்பார். பையன் உம்மாவிடம் ஆரம்பிப்பான், மாமாவைத் தூது விடுவான், கடைசியில் வாட்ஸ்அப் அழைப்பில் வாப்பாவிடம் சம்மதம் வாங்கிவிடுவான். காலேஜ் தூரம், பஸ் சரியாக வருவதில்லை என்று காரணங்களும் தயாராக இருக்கும். பணம் வந்த வாரமே 200 சிசி வண்டி வாசலில் வந்து நிற்கும். என்ன மாடல், என்ன மைலேஜ், என்ன கலர் என்றெல்லாம் வீடே கூடிப் பேசும். இதை ஓட்ட அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலும் கூட்டாளியின் வண்டியில், ஊருக்கு வெளியே ஒரு சாயங்காலத்தில் கற்றிருப்பான். கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கி, கியர் மாற்றத் தெரிந்துவிட்டால் ஓட்டத் தெரியும் என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். அதன்பின் எல்.எல்.ஆர்., பிறகு ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் ஓர் எட்டு, கையில் லைசென்ஸ். எட்டு போடுவதைக் குறை சொல்லவில்லை. மெதுவாகப் போகும் வண்டியைச் சாயாமல் வைத்திருக்க அது பழக்குகிறது. ஆனால் அந்த எட்டு 10, 15 கி.மீ. வேகத்தில் போடுவது. 70 கி.மீ. வேகத்தில் போகும்போது குறுக்கே மாடு வந்தால் என்ன செய்வது என்பதை எந்த எட்டும் சொல்லித் தராது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். இதில் நம் ஊர் ஜனாஸாக்களும் அடக்கம் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே டிராக் பயிற்சி இருக்கிறது. டிராக் என்றதும் பந்தயம் என்று நினைத்து முகம் சுளிக்கிறோம். பந்தயம் வேறு, பயிற்சி வேறு. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஓடுதளம் இருக்கிறது. 3.7 கி.மீ. நீளம், 12 வளைவுகள். பந்தயம் நடக்கும் அதே இடத்தில் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. கீத் கோட் என்பவர் 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் பல ஆண்டுகள் இங்கே வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. பைக் கம்பெனிகளும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கின்றன.

அப்படி ஒரு நாள் பயிற்சிக்கு நம் ஊர் இளைஞர்கள் நால்வர் சென்றபோது நாமும் கூடப் போயிருந்தோம். காலையில் முதல் வேலை வண்டிச் சோதனை. டயர், பிரேக், செயின், எண்ணெய்க் கசிவு எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஹெட்லைட்டின் மேல் டேப் ஒட்டச் சொன்னார்கள், விழுந்தால் கண்ணாடித் துண்டுகள் தளத்தில் சிதறாமல் இருக்க. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார்கள். பின்னால் வருபவனைப் பற்றிக் கவலைப்படாதே, முன்னால் பார் என்பதே அங்கு சட்டம். முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட், தோல் உடை, கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ் இல்லாமல் யாரையும் உள்ளே விடவில்லை. ஊரில் பெட்ரோல் டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஓட்டும் நம் பையன்கள் அன்று வெயிலில் மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே!

சுமார் 20 நிமிடம் வகுப்பு, பிறகு அதே அளவு நேரம் தளத்தில், வந்ததும் பயிற்சியாளருடன் பேச்சு. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பாடம். முதல் பாடம் நம்மைக் குழப்பியது. ஒரே கியரில் ஓட்ட வேண்டும், பிரேக் தொடக்கூடாது! பிரேக் இல்லை என்றதும் வேகமாக ஓட்டும் ஆசை தானாக அடங்கிவிடுகிறது. அடுத்த வளைவுக்கு எவ்வளவு வேகம் போதும் என்பதைக் கண் முன்கூட்டியே கணக்குப் போடத் தொடங்குகிறது. நாற்பது வயதுக்காரர்களுக்கும் அது புதிய பாடம்தான்.

அடுத்தது திருப்பம். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும் என்றார்கள். கேட்டதும் தலைகீழாகத் தோன்றியது. ஆனால் நடப்பது அதுதான். ஓரளவு வேகம் வந்தபின் வண்டி சாய்ந்துதான் திரும்பும். வலது கைப்பிடியைத் தள்ளினால் முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் விலகும், வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் திரும்பும். பைக் ஓட்டுபவர்கள் அனைவரும் அறியாமலே இதைச் செய்கிறார்கள். அறியாமல் செய்வதில்தான் ஆபத்து. எதிரே லாரி வந்து அவசரமாக விலக வேண்டிய நேரத்தில் பயம் கையை எதிர்ப்பக்கமாக இழுத்துவிடுகிறது.

டிராக்கில் கற்றுத் தருவதின் சாரமே இதுதான். பயந்த நேரத்தில் நம் உடல் தானாகச் செய்யும் காரியங்கள் பைக்கில் நமக்கு எதிராகவே வேலை செய்கின்றன. வளைவில் வேகம் அதிகம் என்று தோன்றியதும் கை ஆக்சிலேட்டரைப் பட்டென்று விடும், அல்லது பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும். சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்துகொண்டு வளைவுக்கு வெளியே போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 'வண்டி திரும்பவே இல்லை' என்று சொல்பவர்களில் பலருக்கு நேர்வது இதுதான். கண்ணும் அப்படியே. பள்ளத்தைப் பார்த்தபடி ஓட்டினால் பள்ளத்தில்தான் இறங்குவோம். போக வேண்டிய இடத்தைப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். எதிரே வண்டியும், ஆடும், மணலும் இல்லாத ஒரு தளத்தில், தவறினாலும் வெளியே ஓடி நிற்க இடமுள்ள வளைவில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் உடம்பில் படியும். ஈ.சி.ஆர். சாலையில் இதைப் பழக முடியாது.

பிரேக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 'முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்' என்று நமக்குச் சொல்லி வளர்த்தார்கள், நாமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பிரேக் பிடிக்கும்போது எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல் வருகிறது. எனவே வண்டியை நிறுத்தும் வலுவும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் எளிதில் வழுக்குமே தவிர வண்டி சீக்கிரம் நிற்காது. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், ஈரத்துணியைப் பிழிவது போல் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும், இரண்டு பிரேக்கையும் சேர்த்து. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், பிரேக் பிடிக்கும் தைரியத்தைக் கொடுக்காது.

ஒரு கணக்கு. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சாலையில், நன்றாக பிரேக் பிடிக்கத் தெரிந்தவர் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 36 மீட்டர் ஆகும். 80 கி.மீ. என்றால் 57 மீட்டர். இருவரும் ஒரே இடத்தில் மாட்டைக் கண்டால், 60இல் வந்தவர் நின்றுவிட்ட அதே இடத்தை 80இல் வந்தவர் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் சுமார் 60 கி.மீ.! பெருநாள் இரவில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பறக்கும் நம் தம்பிகளுக்கு இந்தக் கணக்கை யாராவது தாளில் போட்டுக் காட்ட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு டிராக் என்றால் ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். அது பந்தயம். பயிற்சியிலும் விழுபவர்கள் உண்டு. பயிற்சிக்குப் போய்வந்த சிலர் இனி நாம் பெரிய வீரர் என்ற மிதப்பில் சாலையில் இன்னும் வேகமாகப் போவதும் உண்டு. நாம் அழைத்துச் சென்ற நால்வரில் ஒருவர் திரும்பும் வழியில் அப்படித்தான் ஓட்டினார். அடுத்த டீக்கடையில் நிறுத்திச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

செலவும் குறைவில்லை. கட்டணம், உடை வாடகை, பயணம் என்று பல ஆயிரம் போய்விடும். ஒன்றரை லட்சம் கொடுத்து வண்டி வாங்கும் வீட்டுக்கு அது பெரிதா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு இந்தப் பேச்சே வேண்டாம். 2019 சட்டத் திருத்தத்தின்படி அவன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

டிராக்குக்குப் போக வசதியில்லாதவர்கள் பாதிப் பாடத்தை ஊரிலேயே படிக்கலாம். அனுமதி கேட்டு, விடுமுறை நாளில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சிமெண்ட் தளத்தைப் பிடியுங்கள். மணல் இருந்தால் பெருக்கிவிடுங்கள். ஹெல்மெட், கையுறை, ஷூ கட்டாயம். சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, 30 கி.மீ. வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்கச் சொல்லி, எங்கே நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். முதல் நாள் 10 மீட்டர் போய் நிற்கும் வண்டி, ஒழுங்காகப் பழகினால் சில நாட்களில் 6 மீட்டருக்குள் நிற்கும். ஸ்கூட்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் நம் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். விடுமுறையில் ஊர் வரும் வாப்பாக்களும் ஒரு முறை அந்தக் கோட்டில் நிறுத்திப் பார்க்கட்டும்.