எருக்கம் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து!

விநாயகர் சதுர்த்தி வந்தால் சென்னை கடைத்தெருக்களில் எருக்கம்பூ மாலைக்கு ஏக கிராக்கி. ஆனால் பூ பறிக்கும்போது வடியும் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து!

வெள்ளைப் பூச்சு

குப்பைமேடு, ரெயில் பாதை ஓரம், காய்ந்த பொட்டல் என்று எங்கேயும் எருக்கு "ஜம்" என்று வளரும்.

காரணம், அதன் தடித்த இலை. மேலே மெழுகும் வெள்ளை ரோமமும் மூடி இருப்பதால் ஈரம் வெயிலில் சீக்கிரம் வற்றாது. வேர் ஆழமாக இறங்கித் தண்ணீர் தேடும். கிள்ளினால் வடியும் விஷப் பாலுக்குப் பயந்து ஆடு, மாடு சாதாரணமாக வாய் வைக்காது.

கிருமி ஒடுங்கியது

புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் "ஸ்டெபிலோகாக்கஸ்" கிருமியின் வளர்ச்சியை எருக்கு இலைச் சத்து ஆய்வுக்கூட சோதனைகளில் தடுத்து இருக்கிறது. ஆனால் அது கண்ணாடித் தட்டில் நடந்த சோதனை. "பாட்டி வைத்தியம்" என்று பாலைப் புண்ணில் தடவினால் தோல் வெந்து கொப்புளம் போடலாம்.

வலியே தெரியாது

பால் பட்ட கண்ணில் கருவிழி வீங்கி, பார்வை மங்கும். பல பேருக்கு வலியே இருக்காது. "வலிக்கலையே, தானா சரியாயிடும்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. உடனே நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, கண் டாக்டரிடம் ஓட வேண்டும்.

பூ பறித்த கையால் கண்ணைக் கசக்கவே கூடாது!