ஹாம்னெட் ஷேக்ஸ்பியரும் கோயிற் பதிவேடும்

நெடுநாள் வாழ்ந்தோர் நிலம், வழக்கு, வரி, உயில் எனப் பல சான்றுகளை விட்டுச் செல்வர். இளமையில் மறைந்தோர்க்கு அவை இல்லை. குடிவழி ஆய்வார் அன்னோரை அறியத் துணையாவது பெரும்பாலும் கோயிற் பதிவேடு ஒன்றே. இங்கிலாந்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குதோறும் பதிதல் வேண்டும் என 1538இல் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டார். அவ்வேடுகளைப் பயிலும் முறைக்கு, ஷேக்ஸ்பியரின் ஒரே மகனான ஹாம்னெட்டின் வரலாற்றைச் சான்றாகக் கொள்வோம்.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஏட்டில் அவனைப் பற்றியன இரண்டே குறிப்புகள். 1585 பிப்ரவரி 2இல் ஹாம்னெட்டும் உடன்பிறந்த இரட்டையான ஜூடித்தும் திருமுழுக்குப் பெற்றனர். 1596 ஆகஸ்டு 11இல் அவன் அடக்கம் செய்யப்பெற்றான். ஈண்டுக் கருதற்பாலன மூன்று. முதலாவது, திருமுழுக்குக் குறிப்பு ஏட்டில் 1584ஆம் ஆண்டின்கீழ் உள்ளது. அக்காலத்து ஆண்டு மார்ச்சு 25இல் தொடங்கிற்று. இதனை உணராதார் அவன் வயதில் ஓராண்டு கூட்டியுரைப்பர். இரண்டாவது, திருமுழுக்கு நாள் பிறந்த நாளன்று. அடக்க நாளும் இறந்த நாளன்று. மூன்றாவது, 1600 வரையுள்ள பகுதி பழைய தாளேட்டிலிருந்து தோலேட்டிற் படியெடுக்கப்பட்டது. படியெடுத்தார் பிழைத்திருத்தலும் கூடும்.

இறப்பின் காரணத்தை ஏடு கூறவில்லை. கொள்ளைநோய் என்பது ஊகமே. பெற்றோர், நண்பர் ஹாம்னெட் சாட்லர், அவர் மனைவி ஜூடித் ஆகியோர் பெயர்களையே இரட்டையர்க்கு இட்டனர் எனக் கருதுவர். அச்சாட்லரை 1616ஆம் ஆண்டு உயில் ஹாம்லெட் எனக் குறித்தலின், அவ்விரு பெயரும் ஒன்றாகவே வழங்கினமை பெறப்படும். எனினும் அது கொண்டு, 'ஹாம்லெட்' நாடகம் மகனை இழந்த துயரிற் பிறந்தது எனத் துணிதல் பொருந்தாது.

குறிப்புகளை இணைத்து நோக்கின் உறுதியாய்ப் பெறப்படுவது வேறொன்று. வழிவழி உரிமையாகும் குலச்சின்னம், ஹாம்னெட்டின் பாட்டனார் ஜானுக்கு 1596 அக்டோபரில் வழங்கப்பட்டது. வில்லியமின் ஒரே மகன் அதற்கு இரு திங்கள் முன்னரே அடக்கம் பெற்றுவிட்டான். ஜூடித்தின் முதல் மகனுக்கு ஷேக்ஸ்பியர் என்றே பெயரிட்டனர்; 1616 நவம்பரில் திருமுழுக்குப் பெற்ற அக்குழவி 1617 மே திங்களில் அடக்கமாயிற்று. ஏனை மகன் இருவரும் 1639இல் மறைந்தனர். மூத்த மகள் சூசன்னாவின் ஒரே மகள் எலிசபெத் 1670இல் மகப்பேறின்றி இறந்தார். அத்துடன் கவிஞரின் நேர்வழி அற்றது. ஆகலின், அவர்தம் நேர்வழியினர் எம் முன்னோர் என்பார் கூற்றை ஏடுகளே மறுக்கும். இன்றுள்ளோர் உரிமை கொள்ளத்தக்கது தங்கை ஜோனின் கிளைவழி மட்டுமே.

பதினோராண்டு வாழ்ந்த சிறுவனுக்கு எஞ்சியவை இரண்டு வரிகள். அவை கூறாததனை யாம் கற்பித்துரைத்தல் அவனுக்குச் செய்யும் சிறப்பாகாது. கூறியதனைப் பிழையறக் காத்தலே சிறப்பாகும்.