நீலநாக்கு அரணைக்கு என்ன கொடுக்கலாம்?

அரணை கடித்தால் மரணம் என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். அரணைக்கு விஷமே கிடையாது. வீட்டில் வளர்க்கும் அரணை விஷயத்தில் உயிராபத்து அதற்குத்தான். நாம் பாசத்தோடு போடும் தவறான தீனி அதை மெல்ல மெல்லக் கொல்கிறது.

செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் நீலநாக்கு அரணை ஆஸ்திரேலியா, நியூகினி, இந்தோனேசியாவைச் சேர்ந்தது. ஒன்றரை முதல் இரண்டு அடி நீளம். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். அதன் முன் ஒரு நத்தையை வைத்தால் முதலில் நீல நாக்கை நீட்டித் தொட்டுப் பார்க்கும். பிறகு வாயில் கவ்வி, அகன்ற மொட்டைப் பற்களால் ஓட்டை நொறுக்கும். அந்தப் பற்கள் அதற்காகவே அமைந்தவை.

நத்தைதானே, கொல்கத்தாத் தோட்டங்களில் கிடைக்காததா என்று தோன்றும். 1847-இல் பென்சன் என்ற நத்தை ஆய்வாளர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தைகள் கொல்கத்தாவின் சௌரங்கிப் பகுதியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இந்தியாவில் அவை பரவத் தொடங்கியது அங்கிருந்துதான். ஆனால் தோட்டத்து நத்தையில் ஒட்டுண்ணிப் புழுக்களும் பூச்சிமருந்தும் இருக்கலாம். அதைப் பிடித்துப் போடக் கூடாது. மின்மினியும் ஆகாது. வட அமெரிக்க மின்மினியைத் தின்று தாடி ஓணான்கள் செத்திருக்கின்றன.

வளர்ந்த அரணைக்கு வாரம் இரண்டு மூன்று முறை உணவு போதும். குட்டிக்கு அடிக்கடி வேண்டும். கிண்ணத்தில் ஏறத்தாழப் பாதி காய்கறியும் கீரையும் இருக்கட்டும்: துருவிய பரங்கி, பொடியாக நறுக்கிய பீன்ஸ், கடுகுக்கீரை. மீதியில் பெரும்பகுதி வளர்ப்புப் பூச்சிகள் அல்லது உப்பில்லாமல் அவித்த முட்டை. பப்பாளி போன்ற பழம் ஒரு துண்டு போதும். வெங்காயம், பூண்டு, அவகாடோ கூடவே கூடாது. நம் சோறும் மசாலா மீனும் அதற்கு உணவல்ல.

வங்காளிகள் இறால் சேர்த்து விரும்பிச் சமைக்கும் புய் சாக், அதாவது நம் கொடிப்பசலை, பச்சைப்பசேலென்று இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலக்கும் அப்படித்தான். பூச்சிகளிலோ பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. உணவில் பாஸ்பரஸைப் போல இரு மடங்கு கால்சியம் இருப்பது நல்லது. அதனால்தான் பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்கிறார்கள். கால்சியம் குறைந்தால் தாடை மெத்தென்றாகும், கால்கள் வளையும், உடல் நடுங்கும்.

கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதை உண்டாக்குவது புற ஊதாக் கதிர். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். எனவே அதற்கென்று விற்கும் யூவிபி விளக்கு தேவை. செரிமானத்துக்குச் சூடும் வேண்டும். பெட்டியின் ஒரு மூலையாவது 35 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கொல்கத்தாவின் ஜனவரி இரவுக் குளிரில் சூடேற்றாமல் விட்டால், தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும்.

வாங்கும் முன், வெளிநாட்டு உயிரினங்களுக்கான 2024 விதிகளின்படி பதிவு தேவையா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் தோட்டத்து அரணையைப் பிடித்து அடைக்க வேண்டாம். அது தன் இரையையும் வெயிலையும் தானே தேடிக்கொள்ளும். பெட்டிக்குள் இருப்பதற்கு நாம் வைப்பதுதான் இரை, நாம் ஏற்றுவதுதான் வெயில்.